இன்னும் ஒரு கால் சுற்று

சிக்னலில் வண்டி நிற்கும்போது மட்டும்தான் அந்த வாடை வரும். ஓடிக்கொண்டிருக்கும்போது காற்று அதை அடித்துக்கொண்டு போய்விடும். நின்று ஒரு நிமிடம் ஆனதும் ஏசி வழியாக உள்ளே நுழையும். முதலில் அடுப்பில் மறந்துவிட்ட எண்ணெய்ச் சட்டியின் வாடை போல இருக்கும், பிறகு அதைவிடக் கனத்துத் தொண்டையில் ஒட்டிக்கொள்ளும். என் மனைவி ஒன்றும் சொல்லாமல் ஜன்னலை இறக்குவார். நான் சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டிருப்பேன். என்ஜின் ஆயில், புகையை வெளியேற்றும் சூடான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் மேல் சொட்டிக் கருகுகிற வாடை அது. எங்கிருந்து சொட்டுகிறது என்பதும் தெரியும். டேப்பட் கவர் பேக்கிங், அதாவது என்ஜினின் மேல்மூடிக்கு அடியில் ஆயில் கசியாமல் இருக்க வைக்கும் ரப்பர். அதை ஏற்கெனவே மூன்று முறை மாற்றியாகிவிட்டது.

2011-இல் வாங்கிய நான்கு சிலிண்டர் பெட்ரோல் கார். எட்டு ஆண்டுகள் தரையில் ஒரு சொட்டு ஆயில் விழவில்லை. 2019-இல் முதல் கசிவு. எங்கள் தெருமுனை மெக்கானிக் கவரைக் கழற்றி, காய்ந்து இறுகிப்போயிருந்த பழைய பேக்கிங்கை என் கண்முன்னால் அப்பளம் போல இரண்டாக ஒடித்துக் காட்டினார். புதியதைப் போட்டார். நின்றது. 2021-இல் மறுபடியும் கசிந்தது, மறுபடியும் மாற்றினார். 2023 ஆகஸ்டில் மூன்றாவது முறை. அது ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. அதற்குப் பிறகு நான் அவரிடம் போகவில்லை. பன்னிரண்டு ஆண்டுப் பழக்கம். நான் அவரைத் தம்பி என்பேன், அவர் என்னைச் சார் என்பார். நடுராத்திரியில் பேட்டரி இறங்கி நின்றபோது லுங்கியோடு வந்து வண்டியைக் கிளப்பிக் கொடுத்தவர். போவதை நிறுத்தியதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. எங்கள் குடியிருப்பில் நான்கு பேரிடம், அவருக்கு வேலை சுத்தம் கிடையாது, வண்டியை அங்கே விடாதீர்கள் என்று சொன்னேன். அவர்களில் இருவர் வண்டியை வேறு இடத்துக்கு மாற்றிக்கொண்டார்கள். கவரைப் பற்றி எழுத உட்கார்ந்தாலும் அந்த இருவருடைய முகம்தான் முதலில் வருகிறது.

2024 மாசி மாதத்தில் ஒரு வார இறுதியில், நானே செய்துவிடுவது என்று முடிவெடுத்தேன். காரணம் சிக்கனம் அல்ல, கோபம்தான். ஒருவர் மூன்று முறை ஒழுங்காகச் செய்யாததை நான் ஒரே முறையில் செய்து காட்டுவேன் என்கிற கோபம்.

கவர் கையோடு வந்தபோது

டேப்பட் கவரைக் கழற்றுவதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. என்ஜின் ஆறியிருக்க வேண்டும். பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்ற வேண்டும். நான்கு ஸ்பார்க் பிளக்குகளின் மேல் உட்கார்ந்து அவற்றுக்கு மின்சாரம் தரும் காயில்களை ஒவ்வொன்றாக எடுத்து வரிசை மாறாமல் வைக்க வேண்டும். காயிலின் கனெக்டர்களில்தான் பொறுமை வேண்டும். பன்னிரண்டு ஆண்டுச் சூட்டில் அவற்றின் பிளாஸ்டிக் நாக்குகள் விரல் பட்டாலே ஒடிகிற நிலையில் இருந்தன. மூன்றாவது காயிலை உருவியபோது அதன் ரப்பர்க் குழலிலிருந்து ஆயில் வழிந்தது. பிளக் குழிக்குள் டார்ச் அடித்துப் பார்த்தால் இரண்டு கரண்டி ஆயில் தேங்கி நின்றது. சில மாதங்களாக ஐடிலிங்கில், அதாவது நின்றபடி என்ஜின் ஓடும்போது, வண்டி லேசாக நடுங்கிக்கொண்டிருந்ததன் காரணம் அங்கே இருந்தது. கவரின் ஓரமாக பேக்கிங் இருப்பதுபோலவே ஒவ்வொரு பிளக் குழியைச் சுற்றியும் ஒரு வட்ட சீல் உண்டு. வெளியே ஒழுகினால் தரை காட்டிக்கொடுக்கும். உள்ளே ஒழுகினால் வண்டி நடுங்கித்தான் சொல்லும்.

போல்ட்களை எல்லாம் எடுத்தபிறகும் கவர் அசையவில்லை. ரப்பர் பேக்கிங் போதாதென்று அதைச் சுற்றிலும் சிலிக்கோன் பசை தடவப்பட்டிருந்தது. மெக்கானிக் கடைகளில் அனபாண்ட் என்று சொன்னால் புரிந்துவிடுகிற அந்தப் பசைக்கு இங்கே இரண்டே இரண்டு இடங்களில்தான் வேலை. என்ஜினின் முன்பக்கம் இருக்கும் டைமிங் செயின் கவரும், டேப்பட் கவர் உட்காரும் ஹெட்டும் சேருகிற இரண்டு மூட்டுகளில், பட்டாணி அளவு. மற்ற இடங்களில் ரப்பர் காய்ந்த பரப்பில் உட்கார வேண்டும். பசை தடவினால் இறுக்கும்போது ரப்பர் வழுக்கி நகர்ந்துவிடும். மிஞ்சிய பசை வெளியே பிதுங்குவதைப் போலவே உள்ளேயும் பிதுங்கும். கவரை மெல்ல நெம்பித் தூக்கியபோது உள்விளிம்பு நெடுக அது சேமியா போலத் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு துண்டு அறுந்து ஆயிலோடு போனால், என்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பில் இருக்கும் வலைவடிகட்டியில் போய் ஒட்டிக்கொள்ளும். அது அடைத்தால் ஆயில் பம்ப்புக்கு ஆயில் ஏறாது. திறந்த இடத்தை எல்லாம் சுத்தமான துணியால் அடைத்துவிட்டு, சிறு இடுக்கியால் அந்தச் சேமியாவை ஒவ்வொன்றாக எடுத்துச் செய்தித்தாளில் வைத்தேன். அதற்கு மட்டும் ஒன்றரை மணி நேரம் ஆனது.

உள்ளே கேம்ஷாஃப்ட், என்ஜின் வால்வுகளைத் திறக்கும் தண்டு, தெரிந்தது. முதல்முறையாக என் வண்டியின் உள்ளுறுப்பைப் பார்க்கிறேன். கேமின் முட்டை வடிவ முகடுகள் கண்ணாடி போல மின்னின. ஆனால் அவற்றைச் சுற்றியிருந்த அலுமினியம் தேன் நிறத்தில் இருக்க வேண்டியது, காபி டிகாக்‌ஷன் நிறத்துக்குப் போயிருந்தது. கவரைத் திருப்பிப் பார்த்தால் இன்னும் மோசம். மூலைகளில் கரிய களி படிந்திருந்தது. மண்ணெண்ணெயில் கழுவியபோது முன்பக்க வலது மூலையில், போல்ட் துளையின் ஓரத்திலிருந்து ஒரு விரற்கடை நீளத்துக்கு மயிரிழை போல ஒரு கீறல் தெரிந்தது. கண்ணாடி இழை கலந்த நைலான் கவர் அது. கீறலை நகத்தால் நெருடிப் பார்த்தேன். கவரே வெடித்திருக்கிறது. இந்தக் கவரில் எத்தனை பேக்கிங் போட்டாலும் நிற்காது.

எனக்கு அப்போது வந்தது வருத்தம் இல்லை, ஒரு திருப்தி. தம்பி முரட்டுத்தனமாக முறுக்கிக் கவரை வெடிக்க வைத்துவிட்டு, அதை மறைக்கப் பசையைப் பூசியிருக்கிறார் என்று வழக்கை அங்கேயே முடித்துவிட்டேன். நான் சொன்னது சரியாகப் போயிற்று என்று மனைவியிடம் மாடிப்படியிலிருந்தே கத்திச் சொன்னேன்.

ஜி.பி. ரோடு

சென்னையில் கார் உதிரிபாகத்துக்கு இரண்டு திசைகள். பழையது வேண்டுமானால் புதுப்பேட்டை, புதியது வேண்டுமானால் அண்ணா சாலைக்குப் பக்கத்தில் ஜி.பி. ரோடு. பழைய கவரைப் பையில் போட்டுக்கொண்டு அன்று மதியமே ஜி.பி. ரோட்டுக்குப் போனேன். நான் நுழைந்த கடை ஓர் ஆள் பக்கவாட்டில் நடக்கிற அகலம்தான். கல்லாவில் எழுபது வயது மதிக்கத்தக்க பெரியவர். கவரும் பேக்கிங் செட்டும் கேட்டேன். பெட்டியை எடுத்து வைத்தவர், இது எத்தனையாவது பேக்கிங் என்று கேட்டார். நான்காவது என்றேன். பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, பழைய கவரைக் காட்டுங்கள் என்றார்.

கீறலை அவர் ஒரு பார்வை பார்த்ததோடு சரி. கவரின் மேல்பக்கத்தில் ரப்பர் வளையத்துக்குள் செருகியிருந்த கட்டைவிரல் அளவு வால்வு ஒன்றைத் திருகி உருவினார். நான் அதைக் குழாயைக் கழற்றும்போது பார்த்ததுதான். அது குழாயின் முனை என்று நினைத்திருந்தேன். அவர் அதைக் காதருகே வைத்து ஆட்டினார். பிறகு என்னிடம் கொடுத்து ஆட்டச் சொன்னார். ஒரு சத்தமும் இல்லை. அலமாரியிலிருந்து புதியது ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அது கிலுகிலுப்பை போலக் குலுங்கியது.

“மூச்சு விட வழி இல்லை என்றால் உள்ளே இருப்பது எங்கே சார் போகும்? பலவீனமான இடமாகப் பார்த்து வெளியே வரும். பேக்கிங் மேல் குற்றம் இல்லை” என்றார்.

அந்த நிமிடத்தில் எனக்கு அது முழுதாகப் புரிந்ததாகச் சொல்ல முடியாது. திரும்பி வரும்போது மெட்ரோவில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டே வந்தேன். சிலிண்டருக்குள் எரியும் வாயுவில் கொஞ்சம், பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிக் கீழே, கிராங்க் தண்டு சுழலும் கிராங்க் அறைக்குள் நழுவத்தான் செய்யும். எவ்வளவு நல்ல என்ஜினாக இருந்தாலும் நழுவும். அதை வெளியேற்றியாக வேண்டும். பழைய காலத்து வண்டிகளில் ஒரு குழாய் அதை அப்படியே சாலையைப் பார்த்து ஊதிவிடும். லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் புகைமூட்டத்துக்கு மோட்டார் வண்டிகளிலிருந்து வெளிவரும் எரியாத பெட்ரோல் ஆவிக்கும் பங்கு உண்டு என்பதை ஹாகன்-ஸ்மித் என்ற வேதியியலாளர் 1950-களில் எடுத்துக்காட்டினார். அதன் தொடர்ச்சியாக 1961 முதல் கலிஃபோர்னியாவில் விற்ற புதிய கார்களில் அந்தக் குழாய்க்குப் பதில் இந்த வால்வு வந்தது. பி.சி.வி., அதாவது பாசிட்டிவ் கிராங்க்கேஸ் வென்டிலேஷன் வால்வு என்று பெயர். என்ஜின் காற்றை உறிஞ்சுகிற விசையைக் கொண்டே கிராங்க் அறையின் ஆவியை இழுத்து மறுபடி எரிய விடுகிறது. உள்ளே ஒரு சிறு ஊசியும் ஸ்பிரிங்கும்தான். அந்த ஊசி ஆடுகிற சத்தம்தான் கிலுகிலுப்பை. ஊர்க் காற்றைக் காப்பாற்ற வந்த வால்வு, இழுத்துக்கொண்டே இருப்பதால் என்ஜினுக்குள் அழுத்தம் சேராமலும் காத்தது. ரப்பர் பேக்கிங்குகள் தம் வேலையைச் செய்ய முடிந்தது அந்த உறிஞ்சலின் தயவில்.

சரி, அது ஏன் அடைத்தது? பதில் நான் உட்கார்ந்திருந்த ரயிலிலேயே இருந்தது. 2015 ஜூனில் ஆலந்தூரிலிருந்து கோயம்பேடு வரை மெட்ரோ ஓடத் தொடங்கியது. என் அலுவலகம் அரும்பாக்கத்தில். அதுவரை தினமும் நங்கநல்லூரிலிருந்து அரும்பாக்கம் வரை ஓடிய கார், அன்றிலிருந்து ஆலந்தூர் நிலையம் வரை மட்டும் ஓடியது. மூன்று கிலோமீட்டர்கூட இல்லை. காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை. பெட்ரோல் எரியும்போது தண்ணீரும் பிறக்கிறது. ஆயில் நன்றாகச் சூடானால் அந்த ஈரம் ஆவியாகி வால்வு வழியாகப் போய்விடும். மூன்று கிலோமீட்டரில் கூலன்ட் சூடாகும், ஆயில் சூடாகாது. ஈரமும் கரியும் ஆயிலில் கலந்து களியாகும். வண்டி அதிகம் ஓடவில்லையே என்று ஆயில் மாற்றுவதையும் நான் தள்ளிப்போட்டேன். கிலோமீட்டர் கணக்கில் தள்ளிப்போட்டேன், மாதக் கணக்கை எண்ணவே இல்லை. மெட்ரோ வந்து நான்காவது ஆண்டில் முதல் கசிவு. வண்டியைப் பத்திரமாக வைத்திருக்கிறேன் என்று பெருமைப்பட்டுக்கொண்ட ஆண்டுகள்தான் அதற்கு மூச்சு முட்டிய ஆண்டுகள்.

ஆக வால்வு அடைத்ததற்கு நான் பொறுப்பு. ஆனால் கவரை வெடிக்க வைத்தது அவர்தானே? ரயிலிலிருந்து இறங்கும்போது அந்த வழக்கு மட்டும் மனதில் பத்திரமாக இருந்தது.

இரண்டு சத்தங்கள்

ஞாயிற்றுக்கிழமை காலை புதிய கவரைப் பொருத்தினேன். ஹெட்டின் பரப்பைப் பிளாஸ்டிக் தகட்டால் மட்டும் சுரண்டிச் சுத்தம் செய்தேன். இரும்பால் சுரண்டினால் அலுமினியத்தில் கோடு விழும், அந்தக் கோடு வழியாக ஆயில் வரும். இரண்டு மூட்டுகளில் பட்டாணி அளவு பசை வைத்தேன். பேக்கிங்கைக் கவரின் பள்ளத்தில் விரலால் நெருடிக்கொண்டே சுற்றி வந்து உட்கார வைத்தேன். பிறகு போல்ட்கள். நடுவிலிருந்து தொடங்கி, எதிரெதிராக, வெளிப்பக்கம் நோக்கிப் போக வேண்டும். ஒரே மூச்சில் இறுக்காமல் மூன்று சுற்றாக இறுக்க வேண்டும்.

இதற்கென்றே ஒரு டார்க் ரெஞ்ச் வாங்கியிருந்தேன். நாம் வைக்கிற அளவுக்கு முறுக்கு வந்ததும் டிக் என்று மடங்கிக் கையில் சொல்லிவிடுகிற ரெஞ்ச். இந்தக் கவரின் போல்ட்களுக்கு அளவு 10 நியூட்டன் மீட்டர். எண்ணாகப் பார்த்தால் ஒன்றும் தோன்றாது. ஒரு மீட்டர் நீளக் கம்பியின் நுனியில் ஒரு கிலோ எடையைத் தொங்கவிட்டால் கிடைக்கிற முறுக்கு ஏறக்குறைய அவ்வளவுதான். சக்கரத்தின் நட்டுகளுக்கு இதைப்போல் பத்து மடங்கு வேண்டும். 15 செ.மீ. நீள ரிங் ஸ்பேனரைப் பிடித்தால் ஏழு கிலோவுக்கும் குறைவாக இழுத்தால் போதும். உடம்பைக் கொஞ்சம் சாய்த்து இழுத்தால் இருபது, இருபத்தைந்து கிலோ யாருக்கும் வந்துவிடும்.

நடு போல்ட் டிக் என்றது. எனக்கு நம்பிக்கை வரவில்லை. ரெஞ்ச் கெட்டுப்போயிருக்கிறதோ என்று அளவைச் சரிபார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. அடுத்தது, அடுத்தது என்று வந்து, கடைசியாக முன்பக்க வலது மூலை. பழைய கவர் வெடித்திருந்த அதே இடம். மெல்ல இழுத்தேன். டிக்.

அந்தச் சத்தம் எனக்குப் பழக்கமாக இருந்தது. இதே மூலையில், இதே குனிந்த நிலையில், இதற்கு முன்னால் ஒரு முறை கேட்டிருக்கிறேன். 2023 அக்டோபர், தீபாவளிக்கு ஊருக்குப் போவதற்காக வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்த ஓர் இரவு. மூன்றாவது பேக்கிங்கும் கசிவதைப் பார்த்து எரிச்சலில் பத்தாம் நம்பர் ரிங் ஸ்பேனரை எடுத்து அந்த மூலை போல்டை நான்தான் முறுக்கினேன். அசைந்தது. இன்னும் ஒரு கால் சுற்று. அதுவும் போயிற்று. ஸ்பேனரை இரண்டு கையாலும் பிடித்து இன்னும் ஒரு கால் சுற்று. அப்போது டிக் என்று ஒரு சத்தம் கேட்டது. போல்ட் நன்றாக உட்கார்ந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். நான்கு நாட்கள் ஆயில் கசியவும் இல்லை. பார்த்தாயா, ஒழுங்காக முறுக்கக்கூடத் தெரியவில்லை அந்த ஆளுக்கு என்று மனைவியிடம் சொன்னேன். அதற்கு அடுத்த வாரம் கசிவு முன்னைவிட மோசமானது. அதன்பிறகுதான் அந்த நான்கு பேரிடம் பேசினேன்.

ரெஞ்சைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். இது எப்படி மறந்துபோயிற்று? மறைத்து வைக்கவில்லை, நிஜமாகவே மறந்திருந்தேன். நேற்று அந்தக் கீறலை நகத்தால் நெருடியபோதுகூட அந்த இரவு நினைவுக்கு வரவில்லை. கோபத்துக்கு ஓர் ஆள் கிடைத்துவிட்டால் நினைவு அவருக்குப் பொருந்துகிற துண்டுகளை மட்டும் எடுத்துக் கொடுக்கிறது. கை மறக்கவில்லை. அந்தச் சத்தம் மணிக்கட்டில் எங்கோ தங்கியிருந்திருக்கிறது.

பழைய கவரை எடுத்துத் துளையைப் பார்த்தேன். ஒவ்வொரு போல்ட் துளைக்குள்ளும் ஒரு சிறு எஃகுக் குழல் பதிந்திருக்கிறது. போல்டின் தலை அந்தக் குழலில் வந்து முட்டும்போது ரப்பர் எவ்வளவு நசுங்க வேண்டுமோ அவ்வளவு நசுங்கியிருக்கும். அதைச் செய்தவர்கள் கணக்குப் போட்டுத்தான் குழலின் உயரத்தை வைத்திருக்கிறார்கள். முட்டிய பிறகு எவ்வளவு முறுக்கினாலும் ரப்பருக்கு எதுவும் போய்ச் சேராது. குழலைச் சுற்றியுள்ள, சூட்டில் வெந்து நொறுங்கத் தயாராக இருக்கும் நைலானுக்குத்தான் போகும். அதுவும் தாங்கினால் ஹெட்டின் அலுமினிய மரைக்குப் போகும். மரை போயிருந்தால் என் கால் சுற்றின் விலை இன்னும் பெரிதாக இருந்திருக்கும். நான் கசிவை இறுக்கியதாக நினைத்த அந்த நேரம் முழுக்க, ரப்பர் எதையும் உணர்ந்திருக்காது.

தம்பி பக்கமும் தவறு இருக்கிறது. இரண்டாம் முறை கசிந்தபோதே அவர் அந்த வால்வை ஆட்டிப் பார்த்திருக்க வேண்டும். பசையை அப்படிப் பூசியிருக்கக் கூடாது. ஆனால் மூன்று முறையும் நான் அவரிடம் சொன்ன வாக்கியம், மாலைக்குள் முடித்துவிடுங்கள் தம்பி என்பதுதான். கூலியாக அவர் கேட்டது நானூறு ரூபாய். அதில் ஐம்பதைக் குறைத்தேன். அந்தப் பசையை இடுக்கியால் எடுத்துச் சுத்தம் செய்ய மட்டும் எனக்கு ஒன்றரை மணி நேரம் பிடித்தது. முந்நூற்றைம்பது ரூபாய்க்கும் மாலைக்கெடுவுக்கும் நடுவில் யாரும் ஏன் கசிகிறது என்று கேட்க மாட்டார்கள். கசிவை நிறுத்துவார்கள்.

தாள்

பசை காய ஒரு நாள் விட்டுத் திங்கட்கிழமை மாலை வண்டியைக் கிளப்பினேன். ஜி.பி. ரோட்டுப் பெரியவர் ஒரு சோதனை சொல்லியிருந்தார். என்ஜின் ஐடிலிங்கில் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, துளையின் மேல் ஒரு தாளை வைக்க வேண்டும். கழற்றுவதற்கு முன்பே இதைச் செய்து பார்த்திருந்தால் தாள் துள்ளி எழுந்திருக்கும். மருந்துக்கடை ரசீது ஒன்று சட்டைப் பையில் இருந்தது. அதை வைத்தேன். நடுவில் லேசாகக் குழிந்து, துளையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றது. விரலால் எடுத்தபோது ஒரு மெல்லிய இழுப்பு இருந்தது. மனைவியைக் கூப்பிட்டு அவரையும் வைத்துப் பார்க்கச் சொன்னேன். இரண்டு முறை வைத்துப் பார்த்தார்.

அந்த நான்கு பேரில் மூவரிடம் அந்த வாரமே போய்ச் சொன்னேன், கவரை வெடிக்க வைத்தது நான் என்று. ஒருவர் வீடு மாறிப் போய்விட்டார், அவரிடம் சொல்ல முடியவில்லை. தெருமுனைக்குப் போக மட்டும் மேலும் பத்து நாள் ஆனது. போனபோது ஒரு காருக்கு அடியில் படுத்திருந்தார். வெளியே வந்து, என்ன சார், ஆளையே காணோம் என்றார். நடந்ததை எல்லாம் சொன்னேன். அந்த அக்டோபர் இரவையும் சொன்னேன், நான்கு பேரிடம் பேசியதையும் சொன்னேன். இடையில் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. வேஸ்ட் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். முடித்ததும், தெரியும் சார், அதில் ஒருவர் என்னிடமே வந்து சொன்னார் என்றார். நான் என்ன சொல்வது என்று தெரியாமல் நின்றேன்.

“அந்தப் பழைய வால்வு இருக்கிறதா?” என்று கேட்டார்.

பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். காதருகே வைத்து ஆட்டினார். மறுபடி ஆட்டினார். உள்ளே வேலை பார்த்துக்கொண்டிருந்த பையனைக் கூப்பிட்டு அவன் கையில் கொடுத்து, ஆட்டு, சத்தம் வருகிறதா என்றார். இல்லை அண்ணே என்றான் அவன். இது என்னிடம் இருக்கட்டும் சார் என்று சொல்லி, வாங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, மறுபடி காருக்கு அடியில் போனார்.